முதலில் கிடைத்த 'சரி'

உங்கள் போனிலோ கேமராவிலோ மெமரி கார்டு இருந்தால் ஒரு நிமிஷம் வெளியே எடுத்துப் பாருங்கள். (போட்டோக்களை முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.) கம்பெனி பெயர், 64 ஜிபி என்ற எண், இவற்றுக்கு நடுவே ஒரு மூலையில் ரோமன் எண் ஒன்று மாதிரி சின்னதாக ஒரு செங்குத்துக் கோடு தெரியும். அது அழுக்கு அல்ல. அந்த ஒற்றைக் கோட்டால் ஒரு பஸ் கண்டக்டர் 19 நாள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

கதைக்கு முன் ஒரு சின்ன விளக்கம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு வாங்கிய நண்பர்கள் அடிக்கடி எனக்கு போன் செய்வார்கள். "கார்டு மேல விநாடிக்கு 100 எம்பின்னு போட்டிருக்கான். என் பழைய லேப்டாப்ல 20-க்கு மேல ஏற மாட்டேங்குது. டூப்ளிகேட் குடுத்துட்டானா?" கொடுத்திருக்கலாம். ஆனால் பல சமயம் கார்டின் மேல் தப்பில்லை. வேகம் என்பது கார்டுக்குள் அடைத்து வைத்த சரக்கு அல்ல. கார்டும் அதைச் செருகிய கருவியும் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம். சைக்கிளில் போகிற தாத்தாவுடன் பேசிக்கொண்டே போக வேண்டுமென்றால் புல்லட்காரரும் மெதுவாகத்தான் உருட்ட வேண்டும்.

கருவிக்குள் கார்டுடன் பேசுவதற்கென்றே ஒரு மின்சுற்று உண்டு. அதற்கு கன்ட்ரோலர் என்று பெயர். அதை ஆட்டிவைக்கும் சாஃப்ட்வேர், டிரைவர். (இந்தக் கட்டுரையில் இரண்டு வகை டிரைவர்கள் வருகிறார்கள். ஸ்டியரிங் பிடிப்பவரை 'பஸ் டிரைவர்' என்றே எழுதிவிடுகிறேன்.) கன்ட்ரோலருக்கு வேகமாகப் பேசத் தெரிந்திருந்தும் டிரைவருக்கு அதைச் சொல்லத் தெரியாவிட்டால், கார்டு வாழ்நாள் முழுக்க மெதுவாகவே ஓடும். கார் எஞ்சினில் ஐந்தாவது கியர் இருக்கிறது, ஓட்டுபவருக்கு மூன்று வரைதான் தெரியும் என்பது மாதிரி.

2015-ல் நான் வேலை பார்த்த கிண்டி எஸ்டேட் கம்பெனி ஒன்றில் இந்த நிலைமைதான். பஸ்களில் மாட்டும் ரெக்கார்டர் பெட்டி செய்துகொண்டிருந்தோம். நாலு கேமரா, ஒரு பெட்டி, உள்ளே லினக்ஸ், 64 ஜிபி கார்டு ஒன்று. நாலு கேமராவும் சேர்ந்து விநாடிக்கு ஒரு எம்பி எழுதும். பத்து மணி நேரம் பஸ் ஓடினால் 36 ஜிபி.

எழுதுவதில் பிரச்னை இல்லை. ராத்திரி பஸ் ஷெட்டுக்கு வந்ததும் அந்த 36 ஜிபியை கம்ப்யூட்டருக்கு இறக்க வேண்டும். விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் அதற்கு அரை மணி. நாற்பது பஸ் வரிசையில் நின்றால்? மேற்கு மாவட்டத்து தனியார் பஸ் ஓனர் ஒருவர், எங்கள் முதல் பெரிய வாடிக்கையாளர், நேரடியாகச் சொல்லிவிட்டார்: "பத்து நிமிஷத்துல இறங்கணுங்க. இல்லைன்னா வேற பெட்டி பாத்துக்கறோம்."

பெட்டியில் இருந்த கன்ட்ரோலரின் விவரப் புத்தகத்தைப் புரட்டினேன். விநாடிக்கு 104 எம்பி வரை முடியும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. டிரைவரை எழுதிவிட்டுப் போன புண்ணியவான் 25-உடன் நிறுத்தியிருந்தார். "நான் சேர்த்துடறேன் சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன். எத்தனை நாள் ஆகும் என்றார். இரண்டு வாரம் என்றேன். எஞ்சினியர்கள் எப்போதும் சொல்கிற அதே இரண்டு வாரம்.

இந்த 25, 104 எல்லாம் எங்கிருந்து வந்தன? எஸ்டி கார்டை 1999-ல் சான்டிஸ்க், தோஷிபா, பானாசோனிக் கம்பெனியான மட்சுஷிடா மூவரும் சேர்ந்து அறிவித்தார்கள். கார்டுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே தகவலுக்காக நாலு கம்பிகள். கூடவே, 'இப்போது... இப்போது... இப்போது' என்று தாளம் போட ஒரு கம்பி. அதுதான் கிளாக். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு கம்பியில் ஒரு பிட். ஆரம்பத்தில் விநாடிக்கு இரண்டரைக் கோடி தாளம். நாலு கம்பியால் பெருக்கி எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை எம்பி. பிறகு ஐந்து கோடி தாளம் ஆக்கினார்கள், 25 எம்பி. 2010-ல் 'யுஎச்எஸ்' என்று ஒரு புது ஏற்பாடு வந்தது. அதன் உச்ச வேகத்தில் தாளம் விநாடிக்கு 20 கோடியே 80 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 104 வரும். நீங்கள் கார்டில் பார்த்த செங்குத்துக் கோடு இந்த ஏற்பாட்டின் முத்திரை.

அந்த வேகத்தில் ஒரு தாளத்துக்கு 4.8 நானோ விநாடி. நானோ விநாடி என்றால் என்ன? அமெரிக்கக் கடற்படையில் இருந்த கிரேஸ் ஹாப்பர் என்ற கம்ப்யூட்டர் மேதை, பேசப் போகும் இடங்களிலெல்லாம் ஒரு அடிக்குச் சற்றுக் குறைவான கம்பித் துண்டுகளைக் கொடுப்பாராம். "ஒரு நானோ விநாடியில் மின்சாரம் அதிகபட்சம் இவ்வளவு தூரம்தான் போகும்" என்பது பாடம். எங்கள் 4.8 நானோ விநாடிக்குள் ஒளியே ஒரு பள்ளிக்கூடப் பையன் உயரம்தான் போகும். அதற்குள் ஒரு பிட்டை வைத்து, மறுபக்கம் எடுத்து, அடுத்ததற்குத் தயாராக வேண்டும்.

லினக்ஸில் இதற்கான ஏற்பாடு நம் ஊர்க் கல்யாணத் தரகர் மாதிரி. கார்டுகளின் சட்டதிட்டமெல்லாம் தெரிந்த ஒரு பொதுப்பகுதி உண்டு. அது கார்டிடம் "உனக்கு என்னென்ன வேகம் தெரியும்?" என்று கேட்கும். டிரைவரிடமும் அதையே கேட்கும். இருவருக்கும் பொதுவான அதிக வேகத்தைப் பேசி முடிக்கும். டிரைவர் எழுதுபவனுக்கு வேலை மூன்று. கேட்ட வேகத்தில் தாளம் போட வேண்டும். கேட்டபோது வோல்டேஜை மாற்ற வேண்டும். கேட்டபோது ட்யூனிங் செய்ய வேண்டும்.

தாளம் சுலபம். ஒரு மாலையில் முடித்துவிட்டேன்.

வோல்டேஜ் கொஞ்சம் விசித்திரம். பழைய வேகங்களில் கம்பியில் 'ஒன்று' என்பதற்கு 3.3 வோல்ட். ஒவ்வொரு தாளத்திலும் அவ்வளவு உயரம் ஏறி இறங்க நேரமாகும். அதனால் வேகமான முறைகளில் 1.8 வோல்ட் போதும் என்று குறைத்துவிட்டார்கள். படி குட்டையானால் வேகமாக ஏறலாம் இல்லையா? கன்ட்ரோலர் 11-ம் எண் கட்டளையைக் கொடுக்கும். கார்டு 'சரி' என்று சொல்லிவிட்டுக் கம்பிகளைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தாளத்தை நிறுத்தி, வோல்டேஜை மாற்றி, குறைந்தது 5 மில்லி விநாடி மௌனம். மறுபடி தாளம் தொடங்கியதும் கார்டு கம்பிகளை மேலே விட்டால் மாற்றம் வெற்றி.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. 1.8-க்கு வந்துவிட்ட கார்டு திரும்ப 3.3-க்குப் போகாது. எந்தக் கட்டளைக்கும் மசியாது. கார்டுக்குப் போகும் மின்சாரத்தையே துண்டித்து மறுபடி கொடுத்தால்தான் பழைய நிலைக்கு வரும். இதைப் படித்தேன், பென்சிலால் அடிக்கோடும் போட்டேன். எங்கள் போர்டில் கார்டுக்கான மின்சாரத்தைத் துண்டிக்க வழி இல்லை என்பதையும் பார்த்தேன். ஒரு சின்ன சுவிட்ச் வைக்க வேண்டும். ஆனால் போர்டுகள் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டன. 'பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடும்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது ட்யூனிங். பழைய ரேடியோவில் இலங்கை வானொலி பிடித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். திருகிக்கொண்டே போவீர்கள். முதலில் இரைச்சல், பிறகு பாட்டு, பிறகு மறுபடி இரைச்சல். பாட்டு கேட்க ஆரம்பித்த இடத்திலேயே கையை எடுத்தால் என்ன ஆகும்? காற்று அடித்தால் போய்விடும். அனுபவசாலிகள் இந்தப் பக்க இரைச்சலையும் அந்தப் பக்க இரைச்சலையும் பார்த்துவிட்டு நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். என் அப்பா அப்படித்தான் செய்வார். நாங்கள் பொறுமையில்லாமல், "கேக்குதுப்பா, விடுங்க" என்போம்.

கார்டிலும் அதேதான். அது அனுப்பும் பிட்டை அந்த 4.8 நானோ விநாடிக்குள் எந்தக் கணத்தில் பார்ப்பது? கொஞ்சம் முந்தினால் பழைய பிட், பிந்தினால் அடுத்த பிட். அதனால் 19-ம் எண் கட்டளை கொடுத்தால், கார்டு எல்லோருக்கும் தெரிந்த 64 பைட் வாய்பாடு ஒன்றை ஒப்பிக்கும். கன்ட்ரோலர் பார்க்கும் கணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த இடத்தில் வாய்பாடு பிழையில்லாமல் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கன்ட்ரோலரில் அப்படி 32 இடங்கள்.

நான் எழுதியது இதுதான்: ஒன்றிலிருந்து தொடங்கு. ஒவ்வோர் இடமாகச் சோதித்துப் பார். சரியாக வந்தால் அங்கேயே நில். 'சரி' என்று பதில் சொல்லித் திரும்பு.

எட்டு வரை பிழை. ஒன்பதில் சரி. வேலை முடிந்தது.

மறுநாள் காலை அளந்து பார்த்தேன். விநாடிக்கு 75 எம்பி! 36 ஜிபி எட்டே நிமிஷத்தில் இறங்கியது. மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஸ்கிரீனைப் பார்த்தார். எல்லோருக்கும் போண்டா வந்தது. இரண்டு வாரம் என்று சொன்ன வேலையை 11 நாளில் முடித்ததற்காக எனக்கு இரண்டு போண்டா. குளிரூட்டப்பட்ட லேபில் மூன்று நாள் இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிழைகூட இல்லை. 2016 ஜனவரியில் நாற்பது பஸ்களிலும் பெட்டி ஏறியது.

மே மாதம் ஓனரிடமிருந்து போன். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஏனுங்க, இந்தப் பெட்டிய பஸ்ஸுக்குள்ள இருக்கற ஆளு நிறுத்தி வெக்க முடியுங்களா?"

நடந்தது இது. ஒரு மத்தியானம், பயணி ஒருவர் தான் 500 ரூபாய் நோட்டு கொடுத்ததாகவும், கண்டக்டர் 100-க்குத்தான் சில்லறை கொடுத்தார் என்றும் புகார் செய்திருக்கிறார். கண்டக்டர், அவர் கொடுத்தது நூறுதான் என்கிறார். வாக்குவாதம் முற்றியதும் கண்டக்டரே சொல்லியிருக்கிறார், "கேமரா இருக்குதுங்க, போட்டுப் பாருங்க." பார்த்தார்கள். பகல் 2:12 வரை படம் இருந்தது. பிறகு 4:37-க்குத்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் ஒன்றுமே இல்லை. தகராறு நடந்தது மூன்று மணிக்கு.

இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? 'அவனேதான் ஒயரைப் பிடுங்கியிருக்கான். பிடுங்கிட்டு, கேமரா பாருங்கன்னு நாடகம் வேற' என்று முடிவுகட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

"சான்ஸே இல்லை சார், பெட்டி தானா நிக்காது" என்று நான்தான் போனில் சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று மற்ற பஸ்களின் பதிவுகளையும் வாங்கிப் பார்த்தேன். ஆறு பஸ்களில் இதே மாதிரி ஓட்டை. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாரும் புகார் செய்யவில்லை. எல்லா ஓட்டைகளும் மத்தியானம் ஒன்றிலிருந்து நான்குக்குள் தொடங்கியிருந்தன. ஆறு கண்டக்டர்களும் பேசி வைத்துக்கொண்டு ஒயரைப் பிடுங்குவார்களா என்ன?

பெட்டியின் உள் நினைவகத்தில் லினக்ஸ் எழுதி வைத்த குறிப்புகளைத் திறந்தேன். 2:12-க்கு 'மைனஸ் 84' என்று வரிசையாக வரிகள். லினக்ஸின் கார்டு பாஷையில் அதற்கு 'வந்த தகவல் கணக்கில் உதைக்கிறது' என்று அர்த்தம். அனுப்பும் ஒவ்வொரு துண்டின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும், அது பொருந்தவில்லை. அதற்கு அடுத்து 'மைனஸ் 110'. கூப்பிட்டேன், பதிலே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

காரணத்தை எனக்குச் சொன்னது ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவர்தான். போனில் சும்மா பேச்சுக்கொடுத்தேன். "மத்தியானத்துல அந்தப் பெட்டியத் தொட முடியாதுங்க. தோசைக்கல்லு மாதிரி இருக்கும். எஞ்சின் பக்கத்துலல்ல மாட்டியிருக்கீங்க."

வீட்டிலிருந்து முடி உலர்த்தும் டிரையரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். (மனைவி கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை.) பெட்டியின் மேல் காட்டினேன். 50 டிகிரி, ஒன்றுமில்லை. 60, ஒன்றுமில்லை. 68-ல் ஸ்கிரீனில் மைனஸ் 84 வர ஆரம்பித்தது. வயிற்றில் ஏதோ செய்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

பிறகு செய்ய வேண்டியதை, அதாவது முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். 32 இடங்களையும் முழுக்கச் சோதித்து ஒரு காகிதத்தில் குறித்தேன். குளிர்ந்த பெட்டியில் ஒன்பதிலிருந்து இருபது வரை சரி. சூடான பெட்டியில் பன்னிரண்டிலிருந்து இருபத்து மூன்று வரை சரி. சூடேறினால் கார்டு கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்லும். வெப்பத்தால் ஒன்றரை நானோ விநாடி வரைகூடத் தள்ளிப்போகலாம் என்று கார்டுக்கான விதிப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது. காலையில் ஷெட்டில் பஸ்ஸை ஸ்டார்ட் செய்யும்போது என் டிரைவர் ஒன்பதில் போய் நின்றுகொண்டது. மத்தியானம் பாட்டு பன்னிரண்டுக்கு நகர்ந்துவிட்டது. நான் ஒன்பதிலேயே காதை வைத்துக்கொண்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவில், பதினான்கில், நிறுத்தியிருந்தால் காலையும் சரி, மத்தியானமும் சரி. அப்பா ரேடியோவில் செய்தது அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், பல நேரம் கார்டு வீடியோவை ஒழுங்காக வாங்கிக்கொண்டு 'சரி, வந்து சேர்ந்தது' என்றுதான் சொல்லியிருக்கும். அந்தப் பதிலைத்தான் நாங்கள் தப்பாகக் கேட்டோம். தப்பாகக் கேட்டதும் என் டிரைவர் என்ன செய்தது? பதறிப்போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியது. அதாவது 3.3 வோல்ட்டுக்குத் திரும்பிப் போய்க் கார்டைக் கூப்பிட்டது. கார்டோ 1.8-லேயே உட்கார்ந்திருந்தது. 3.3 கணக்கில் கேட்பவனுக்கு 1.8 என்பது 'ஒன்று' ஆகாது. ஒருவர் கத்துகிறார், இன்னொருவர் கிசுகிசுக்கிறார். மின்சாரத்தைத் துண்டிக்க வழி வைக்காததால், எஞ்சினை நிறுத்தும்வரை இருவரும் சேரவே இல்லை. பஸ் டிரைவர் 4:37-க்கு எஞ்சினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சுபம்.

ஒரு விஷயத்தை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, ஓனர் கவனித்தார். நானும் மேனேஜரும் நேரில் போய், தப்பு எங்கள் பெட்டியில்தான் என்று ஒப்புக்கொண்டோம். ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, தாளம், வோல்டேஜ் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "பஸ் ஓடறப்ப விநாடிக்கு ஒரு எம்பி எழுதுனாப் போதும்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் எதுக்குங்க அப்ப நூறு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது பேர் இருந்த எங்கள் ஆபீஸில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவில்லை. வேகம் கிடைத்தது, அதனால் எப்போதும் அந்த வேகத்திலேயே ஓட்டினோம். ஷெட்டில் எட்டு நிமிஷத்துக்குத் தேவையான வேகத்தை, உச்சி வெயிலில் ஒரு தேவையும் இல்லாமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கண்டக்டரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரி, வேலைக்கு வருவது மாதிரியே வந்திருந்தார். அவரிடம் நானோ விநாடி பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. "பெட்டி சூட்டுல தானா நின்னு போச்சுங்க. நீங்க எதுவும் பண்ணலை. நான் எழுதினதுல தப்பு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஓனரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "நீங்க இப்ப சொன்னத எழுதிக் குடுப்பீங்களாங்க? எங்க ஊர்ல எல்லார்த்துக்கும் தெரிஞ்சுபோச்சு. வாயில சொன்னா நம்ப மாட்டாங்க."

கம்பெனி லெட்டர்பேடில், தமிழில், மேனேஜர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தோம். 19 நாள் சம்பளத்தை எங்கள் கம்பெனி கொடுத்தது. அடுத்த நாளே அவர் வேலைக்குத் திரும்பினார்.

ஆனால் அந்த நோட்டு ஐந்நூறா, நூறா? அது இன்றுவரை தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே சாட்சி ஒன்பதாம் எண்ணில் நின்றுகொண்டிருந்தது. பொய் சொன்னார் என்று நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நிஜம் சொன்னார் என்று நிரூபிக்கவும் முடியவில்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது அந்த இரண்டாவது. அதை நான் கொடுக்கவில்லை.

திரும்பி வந்து செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்யூனிங்கில் 32 இடங்களையும் பார்த்து, நீளமான நல்ல பகுதியின் நடுவில் நிற்கும்படி மாற்றினேன். பத்து வரிகூட இல்லை. பிழை வந்தால் பதறாமல் மறுபடி ட்யூன் செய்யவும், பிழையே வராவிட்டாலும் அவ்வப்போது செய்துகொள்ளவும் ஏற்பாடு செய்தேன். லினக்ஸின் பொதுப்பகுதியிலேயே அதற்கு வசதி இருந்தது; நான்தான் சொல்லாமல் விட்டிருந்தேன். அப்படியும் முடியாவிட்டால் 1.8 வோல்ட்டிலேயே இருந்துகொண்டு தாளத்தை மட்டும் பாதியாக்க வேண்டும், அதுவும் போதாவிட்டால் அதிலும் பாதி. பஸ் ஓடும்போது எப்போதுமே மெதுவான தாளம். ஷெட்டில் மட்டும் வேகம். இந்தக் கடைசி யோசனைக்கான பெருமை ஓனருக்கு.

கடைசியாக, மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். நாற்பது போர்டுகளையும் பிரித்து எடுத்து வந்து, அரிசியில் பாதி அளவுள்ள ஒரு டிரான்சிஸ்டரை ஒவ்வொன்றிலும் ஒட்ட வேண்டியிருந்தது. எங்கள் அசெம்பிளியில் சால்டரிங் செய்யும் அக்கா ஒருவர், பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குனிந்து ஐந்து நாள் உட்கார்ந்து செய்தார். "இத மொதல்லயே போர்டுல வெச்சிருந்தா என்ன தம்பி?" என்றார். அவருக்கும் என்னிடம் பதில் இல்லை.

பிறகு ஒவ்வொரு பெட்டியையும் டிரையர் வெப்பத்தில் 75 டிகிரியில் நாள் முழுக்க ஓட்டி, எஞ்சின் நிறுத்தாமலே நூறு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்துத்தான் திருப்பி அனுப்பினோம். டிரையர் அதோடு உயிரை விட்டது. வீட்டுக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது கார்டுகள் எங்கேயோ போய்விட்டன. 2018-ல் வந்த எஸ்டி எக்ஸ்பிரஸ் முறையில் விநாடிக்கு 985 எம்பி வரை போகலாம். 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4 விநாடிக்கு 50 எம்பி முறையோடு நின்றது. 2023-ல் வந்த பை 5, நான் மல்லுக்கட்டிய அந்த 104 முறைக்கு ஏறியது. இப்படி ஒவ்வொரு புது வேகத்துக்குப் பின்னாலும் எங்கோ ஒரு பையன் அல்லது பெண் உட்கார்ந்து, முதல் 'சரி' வந்ததும் துள்ளிக் குதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பக்கத்து இரைச்சல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுக் குதியுங்கள்.

நீங்களும், லேப்டாப்பில் கார்டு மெதுவாக ஓடுகிறதென்றால் உடனே ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒருவேளை அது சூட்டில் கொஞ்சம் இறங்கி வந்து, உங்கள் பேத்தியின் காதுகுத்து போட்டோக்களைப் பத்திரமாக எழுதிக்கொண்டிருக்கலாம்.

கண்டக்டரின் நம்பர் என் போனில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில், அவரே கூப்பிடுவார். நலம் விசாரிப்பு எல்லாம் பிறகுதான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"வெயில் ஆரம்பிச்சிருச்சுங்க. பெட்டி ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க" என்பேன். சொல்லிவிட்டு, போனை வைத்ததும், ஷெட்டுக்கு போன் போட்டு ஒரு தடவை கேட்டுக்கொள்வேன்.